"பிற" என்ற தலைப்பின் கீழே கிடக்கும் எதிர்காலம்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் 6 ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பொறுப்பை ஒப்படைக்கும் முன் அந்த 6 ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன். தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பை ஏற்றல், செயலறிக்கை, கணக்கறிக்கை, தேர்தல், பிற. எல்லா ஆண்டும் இதே வரிசை. பிள்ளைகள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறதே, இன்னும் 10 வருஷத்தில் இந்தப் பள்ளி இருக்குமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் எழுந்து கேட்டிருக்கிறார், அந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் "பிற" என்ற தலைப்பின் கீழேதான் பதிவாகியிருக்கிறது, அதற்குள் மணி ஒன்று ஆகி, சாப்பாடு வந்து இறங்கி, "செயற்குழு பரிசீலிக்கும்" என்ற ஒரே வரியோடு முடிந்திருக்கிறது. அந்த வரியை 6 முறையும் எழுதியவன் நான்.

யாருக்கும் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக் கூட்டம் என்பது கணக்குக் காட்டவும் ஆளைத் தேர்ந்தெடுக்கவும் ஏற்பட்ட ஒரு வடிவம், நடந்து முடிந்ததைத்தான் அது பார்க்கும். வரப்போவதை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு மாதிரி கூட்டம் வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்தை எப்படி நடத்துவது என்று 60 ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் செய்து பார்த்துத் திருத்தி வைத்திருக்கிறார்கள். நம் கோயில் கமிட்டிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இளைஞர் மன்றத்துக்கும் அது அப்படியே உதவும், ஆனால் நம்மிடையே யாரும் அதைப் பற்றி எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வரப்போவதை இப்படி முன்கூட்டிப் பார்ப்பதைத் தூரநோக்கு என்கிறோம், முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். மலேசியாவில் இருக்கும் நமக்கு அது புதுச் சொல்லே இல்லை. 1991 பிப்ரவரி 28ஆம் தேதி பிரதமர் மகாதீர் வாவாசான் 2020 என்ற நாட்டின் தூரநோக்குத் திட்டத்தை அறிவித்தார். 9 சவால்கள், 30 ஆண்டு அவகாசம். நான் அப்போது தொடக்கப்பள்ளி மாணவன். 2020இல் நாடு எப்படி இருக்கும் என்று படம் வரையச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் பறக்கும் கார் வரைவோம். அந்த ஆண்டு எண் எங்கள் எல்லாருடைய மனத்திலும் பதிந்தது, அது பெரிய சாதனைதான். ஆனால் அதே 90களில் புத்ராஜெயா எழும்பிய இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1920களில் திறந்த ரப்பர் தோட்டம் அது, பெயருக்கே பெரும் போர் என்றுதான் அர்த்தம். அங்கேயும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் பால் வெட்டிய குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். புதிய நகரத்தின் படம் வரையப்பட்ட மேசையில் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயங்களிலிருந்து ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை.

1990இல் பீட்டர் செங்கே என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய நிர்வாக நூலிலிருந்துதான் "பகிர்ந்த தூரநோக்கு" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. பணிந்து போவதும் மனமார ஈடுபடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே இரண்டும் வேறு என்று அவர் விளக்கினார். அவருடன் வேலை செய்தவர்கள் இதை 5 படிகளாகப் பிரித்தார்கள்: அறிவிப்பது, எடுத்துச் சொல்லி இசைய வைப்பது, சொல்லிவிட்டு மக்கள் முகத்தைப் பார்ப்பது, முடிவெடுக்கும் முன் கருத்துக் கேட்பது, எல்லாரும் சேர்ந்து உருவாக்குவது. வாவாசான் முதல் படி. நம் சங்கங்களில் பெரும்பாலும் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறோம்.

இரண்டாவது படி ஒன்றுக்கும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய ம.இ.கா. தலைவருமான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, அது எப்படி நடந்தது? தோட்டத் துண்டாடல் காலம். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்த நேரம். தொழிலாளர்களே மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்தை வாங்கலாம் என்ற யோசனையோடு அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். யோசனை மேலேயிருந்து வந்ததுதான். ஆனால் அதைக் கேட்டவன் தன் சம்பளத்திலிருந்து காசு எடுத்து வைக்க வேண்டியிருந்தது, வைத்தவனுக்கு அதில் பங்கு இருந்தது. இன்றைக்கு நாம் கூட்டுவது அப்படிப்பட்ட அவசரம் கண் முன்னே தெரியாத கூட்டம், சம்பந்தன் போல ஒருவரும் நம்மிடம் இல்லை. அதனால்தான் ஐந்தாவது படிக்குப் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதே 1960இல், இங்கிலாந்தில் வேறொரு கதை. பிரிஸ்டல், ஆம்ஸ்ட்ராங் சிட்லி என்ற இரண்டு விமான எஞ்சின் கம்பெனிகள் ஒன்றாக இணைந்திருந்தன. இரண்டுக்கும் தனித்தனிப் பெருமை, தனித்தனிப் பழக்கம். நம் பக்கம் நாலு தோட்டம் மூடி, நாலு தோட்டத்து அம்மனையும் தாமான் என்னும் புதுக் குடியிருப்பில் ஒரே கோயிலில் வைக்க வேண்டி வரும்போது என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை சட்டென்று புரியும். லண்டனில் தவிஸ்டாக் என்ற சமூக ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும் ஆஸ்திரேலியரான பிரெட் எமரியும் அந்தக் கம்பெனியின் மேல்மட்டத்தாரை ஒரு வாரம் ஓரிடத்தில் உட்கார வைத்தார்கள். கம்பெனிப் பிரச்சினையை உடனே எடுக்கவில்லை. உலகம் எப்படி மாறுகிறது, விமானத் தொழில் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தொடங்கிக் கடைசியில்தான் தங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். வெளியுலகைப் பற்றிப் பேசும்போது இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நிற்க முடிந்தது. இதற்குத் தேடல் மாநாடு என்று பெயர் வந்தது.

இன்னொரு விஷயத்தை ரொனால்ட் லிப்பிட் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் கண்டுபிடித்தார். குழுக்கள் பிரச்சினைகளைப் பட்டியல் போடும் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். பட்டியல் நீள நீளக் குரல்கள் தாழ்ந்துகொண்டே போயின, குறைகளை அடுத்தவர் மேல் போடுவது கூடியது, இது எங்களால் ஆகாது என்ற பேச்சு வந்தது. பிறகு அவர் கூட்டத்தை மாற்றி, நீங்கள் விரும்பும் எதிர்காலம் இப்போதே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார். 70களில் அமெரிக்க ஊர்கள் பலவற்றில் அப்படிக் கூட்டங்கள் நடத்தினார். "அதைச் செய்யணும், இதைச் செய்யணும்" என்று பேசுவதற்கும் "இதோ வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள் இறங்குகிறார்கள்" என்று பேசுவதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் கூட்டத்தில் கண்ணால் பார்த்தேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த இரண்டு ஓடையையும் சேர்த்தவர்கள் மார்வின் வைஸ்போர்டும் சாண்ட்ரா ஜானோஃபும். 80களிலிருந்து அவர்கள் வளர்த்த முறையை எதிர்காலத் தேடல் என்று சொல்லலாம். 60, 70 பேர், மேசைக்கு எட்டுப் பேர், 3 நாளில் ஏறக்குறைய 16 முதல் 18 மணி நேரம். நடுவே இரண்டு இரவு தூங்கியாக வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்தும் விதி, அதைத் தளர்த்தவே கூடாது என்பார்கள். யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் கணக்கு உண்டு: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், பணமோ நேரமோ தொடர்போ உள்ளவர், விஷயம் தெரிந்தவர், மற்றவருக்குத் தெரியாத தகவல் வைத்திருப்பவர், முடிவால் பாதிக்கப்படுபவர். இந்த ஐந்து வகையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். 2003இல் இக்கியா கம்பெனி ஹாம்பர்க்கில் இப்படி 52 பேரைக் கூட்டி, தன் சோபா ஒன்று வடிவமைப்பிலிருந்து வாங்குபவர் வீடு வரை போகும் வழி முழுவதையும் மாற்றி வரைந்தது. பொருள் செய்து கொடுப்பவர்களும் அந்த அறையில் இருந்தார்கள், சோபா வாங்குபவர்களும் இருந்தார்கள்.

சரி, எங்கள் பள்ளிக்கு இதே முறையில் ஒரு கூட்டம் நடத்திய கதைக்கு வருகிறேன். எங்களால் 3 நாள் முடியாது. வேலைக்குப் போகிறவர்கள், சனிக்கிழமையும் ஷிப்ட் உள்ளவர்கள். ஒரு சனி மதியம் தொடங்கி ஞாயிறு மாலை வரை, ஒரே ஓர் இரவு. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், தோட்டத்தில் இன்னும் இருக்கும் பெரியவர்கள், தாமானுக்குக் குடிபோனவர்கள், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், வேன் ஓட்டும் அண்ணன், எல்லாமாக 53 பேர். மண்டபத்தின் ஒரு சுவர் நெடுக மாஜோங் பேப்பரை ஒட்டினோம். மூன்று நீள வரிசை: மேலே உலகமும் நாடும், நடுவில் எங்கள் பள்ளி, கீழே அவரவர் வாழ்க்கை. ஆளுக்கொரு மார்க்கர் பேனா. உங்களுக்கு நினைவிருப்பதை அந்தந்த ஆண்டுக்கு நேரே எழுதுங்கள் என்றோம், அவ்வளவுதான்.

முதல் 5 நிமிஷம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பிள்ளைகள் போனார்கள், அப்புறம் பெரியவர்கள். கொஞ்ச நேரத்தில் சுவர் பக்கம் நிற்க இடமில்லை. பால் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லச் சொல்ல அவன் எழுதினான். லயத்துக்குக் கரண்டு வந்தது, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டது, மூத்த மகளை இதே பள்ளியில் சேர்த்தது. "எழுது தம்பி, அந்தக் கட்டடத்துக்கு நாங்க ஒரு நாள் சம்பளம் குடுத்தோம். புருஷன் சம்பளத்துல ஒரு நாள், என் சம்பளத்துல ஒரு நாள். பெரட்டுல நிக்கறப்பவே கிராணி பேரு போட்டுக்கிட்டாரு" என்றார். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் மார்க்கரை மூடிவிட்டு, "எந்தக் கட்டடம் பாட்டி?" என்று கேட்டார். "நீங்க ஆபீஸ் வெச்சிருக்கீங்களே சார், அதுதான்."

இளம் பெற்றோர் யாருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது, 6 வருஷம் செயலாளராக இருந்தும். அந்த ஒரு வரி சுவரில் ஏறியதிலிருந்து பள்ளியைப் பற்றி அறையில் பேசிய தொனி மாறிவிட்டது. அரசாங்கம் என்ன செய்கிறது, வாரியம் என்ன செய்கிறது என்று தொடங்கும் பேச்சு குறைந்தது. முறையின் ஒரு படியாக மட்டும் இந்தக் காலக்கோட்டை நான் பார்ப்பதில்லை. சேர்ந்து கட்டிய ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் சேர்ந்து இன்னொன்றைக் கட்ட யாருக்கும் மனம் வராது என்பது என் எண்ணம். தோட்டத்திலிருந்து சிதறிப் போன நமக்கு இது இன்னும் பொருந்தும், நம் வரலாறு பெரும்பாலும் எழுத்தில் இல்லை, இப்படிப்பட்ட பாட்டிகளிடம்தான் இருக்கிறது.

அடுத்து, வெளியிலிருந்து பள்ளியை அழுத்தும் போக்குகளை ஒரு பெரிய தாளில் வரைந்தோம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள், இப்போது 500க்குச் சற்று மேல். 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையில் சேர்ந்துவிடும், எங்களுடையது எப்போதோ சேர்ந்துவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாக முடித்துவிட்டோம்.

அதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. பெருமையும் வருத்தமும் என்று பெயர். ஒவ்வொரு மேசையும் இந்தப் பள்ளி விஷயத்தில் தாங்கள் செய்ததில் எதற்குப் பெருமைப்படுகிறோம், எதற்கு வருந்துகிறோம் என்று சொல்ல வேண்டும். அடுத்த மேசை செய்ததைச் சொல்லக் கூடாது. ஆசிரியர் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து, "என் பிள்ளையை நான் சீனப்பள்ளிக்கு அனுப்பினேன், அதற்காக வருந்துகிறேனா என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் இத்தனை நாள் அதை இங்கே சொல்லாமல் இருந்ததற்கு வருந்துகிறேன்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஊரில் முதுகுக்குப் பின்னால் பல வருஷம் பேசிய பேச்சு அன்றைக்கு முன்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் சொன்ன யோசனைகளை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

இங்கேதான் இன்னொரு முறையோடு எனக்கு உடன்பாடு குறைவு. டேவிட் கூப்பர்ரைடர் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் 1980இல் கிளீவ்லாந்து கிளினிக் என்ற மருத்துவமனையில் ஆய்வு செய்தபோது தொடங்கியது அது, அவருடைய பேராசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாவோடு சேர்ந்து 1987இல் அதைக் கட்டுரையாக எழுதினார். எது உடைந்திருக்கிறது என்று கேட்காதே, எது நன்றாக நடக்கிறது என்று கேட்டு அதை வளர்த்தெடு என்பது சாரம். நல்ல கேள்விதான், காலக்கோட்டில் பாட்டி சொன்னதும் அந்த வகைதான். ஆனால் மனக்கசப்பு ஊறிக் கிடக்கும் இடத்தில் நல்லதை மட்டுமே பேசுவோம் என்றால், மற்றது காப்பிக் கடைக்குப் போய்விடும். நம் ஊர்களுக்குப் பெருமையும் வேண்டும், வருத்தமும் வேண்டும்.

யார் பேசுவது என்பது தனிப் பிரச்சினை. தலைவர் பேசிவிட்டால் மற்றவர் தலையாட்டும் பழக்கம் நமக்கு உண்டு, பெண்கள் அதிகம் வாய் திறப்பதில்லை, மருமகள் மாமியார் இருக்கும் மேசையில் பேசவே மாட்டாள். அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் 1953 நூலில் பிரபலமாக்கிய, எல்லாரும் ஒன்றாகச் சத்தமாக யோசனை கொட்டும் முறை உலகெங்கும் பரவியது. ஆனால் 1958இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்ததில், நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தால், நாலு பேர் கூடி யோசித்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனை வந்தது. அதனால் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் 70களில் ஓர் ஒழுங்கு வைத்தார்கள்: முதல் 10 நிமிஷம் யாரும் பேசாமல் அவரவர் எழுதுவது, பிறகு சுற்று முறையில் ஆளுக்கொன்றாகப் படிப்பது, எல்லாம் சுவரில் ஏறிய பிறகுதான் விவாதம், கடைசியில் ரகசிய வாக்கு. நம் கமிட்டிகளில் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இந்த 10 நிமிஷ மௌனத்தை மட்டுமாவது கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாத பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள்.

ஹாரிசன் ஓவன் 1985இல் தொடங்கிய திறந்தவெளி முறையும் உண்டு. அவர் ஒரு வருஷம் பாடுபட்டு ஒரு மாநாட்டை ஏற்பாடு செய்தார், வந்தவர்கள் எல்லாரும் காப்பி இடைவேளைதான் மிக நன்றாக இருந்தது என்றார்களாம். அதிலிருந்து, நிரலே இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து, அக்கறை உள்ளவர் தலைப்பை எழுதி ஒட்ட, விருப்பமுள்ளவர் அங்கே போய்ச் சேர்வது என்ற முறை வந்தது. உங்களால் ஓரிடத்தில் கற்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை என்றால் எழுந்து வேறு வட்டத்துக்கு நடந்துவிடலாம், அதற்கு இரண்டு கால் விதி என்று பெயர். எதிர்காலத்தை வரையறுக்க இது போதாது, ஆனால் வரையறுத்தபின் வேலையைப் பங்கு பிரிக்க அருமையாக உதவும். நாங்கள் ஞாயிறு மதியம் இதைத்தான் செய்தோம்.

ஞாயிறு காலை நடந்ததைச் சொல்லாமல் விட்டேனே. இது 2035, நீங்கள் விரும்பியபடி பள்ளி நடக்கிறது, அதை எங்களுக்கு நடித்துக் காட்டுங்கள் என்றோம். ஆண்டுக் கூட்டங்களில் நாங்கள் 3 வருஷம் சண்டை போட்டது புதிய மண்டபத்துக்காக. ஏழு மேசை நடித்ததில் ஒரு மேசையிலும் மண்டபம் வரவில்லை. பிள்ளைகள் மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வேன் ஆக்கியது, தாமான் தாமானாக நிறுத்தி ஆள் ஏற்றியது, முன் சீட்டில் நாலு வயதுத் தம்பி தங்கைகள் இருப்பதாகப் பாவனை. பாலர் வகுப்பு இங்கேயே இருந்தால், வேனும் இருந்தால், ஒன்றாம் ஆண்டுக்கு வேறு பள்ளிக்கு ஏன் போகப்போகிறோம் என்பது அவர்கள் சொன்னது. வேன் ஓட்டும் அண்ணன் எழுந்து, காலை ஆறேகாலுக்குள் எந்தெந்த தாமானை முடிக்கலாம் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வேனும் பாலர் வகுப்பும் எல்லா மேசையும் ஒத்துக்கொண்டவை என்ற தாளில் முதலில் ஏறின.

ஒத்துக்கொள்ளாதவை என்று இன்னொரு தாள் உண்டு. அதில் பெரிய எழுத்தில் "பள்ளியைத் தாமானுக்கு மாற்றுவது". பெரியவர்கள் மேசை வேண்டாம் என்றது, தாமான்காரர்கள் வேண்டும் என்றார்கள், 20 நிமிஷம் பேசிவிட்டு அப்படியே எழுதி ஒட்டிவிட்டு நகர்ந்தோம். இதை எப்படி ஜீரணிப்பது என்று பலர் அன்றைக்கே கேட்டார்கள். வைஸ்போர்டும் ஜானோஃபும் கண்டிப்பாகச் சொல்வது இதுதான்: உடன்பாடு இல்லாததைத் தீர்க்க முயன்று நேரத்தைக் கொட்டாதே, அது இருக்கிறது என்பதை எல்லாரும் அறிந்துகொண்டு, உடன்பட்டதில் வேலையைத் தொடங்கு. நாங்கள் பழைய முறையில் போயிருந்தால் இடமாற்றச் சண்டை தீரும்வரை வேனும் வந்திருக்காது.

அந்தச் சண்டை தீராததில் எங்கள் தவறும் இருக்கிறது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், ஆனால் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று நாங்கள் ஒரே ஒரு கடிதம் போட்டதோடு விட்டுவிட்டோம். அதிகாரம் உள்ளவர் இல்லாத அறையில் நிலத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது ஆசையாகவே நிற்கும். இன்னொன்று, திறப்புரைக்கு ஒரு விருந்தினரை அழைத்தோம், அவர் 50 நிமிஷம் பேசி மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினார், சனிக்கிழமை மதியத்தில் முக்கால்வாசி மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஒய்பி என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதியோ அதிகாரியோ, யாராக இருந்தாலும் இரண்டு நாளும் மேசையில் உட்கார்வதாக இருந்தால் வாருங்கள், உரையும் மாலையும் கிடையாது என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் அவருடைய உதவியாளரைக் கேளுங்கள், பல நேரம் விஷயம் தெரிந்தவர் அவர்தான்.

நேரம் இல்லை என்றால் எதைக் குறைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: நடிப்பைக் குறைக்கலாம், போக்குகளைக் குறைக்கலாம், காலக்கோட்டையும் இரவையும் குறைக்காதீர்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் பேசியதைத்தான் பலர் ஞாயிறு காலை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் வாயே திறக்காத ஓர் அம்மா மறுநாள் வீட்டுக்காரர் சொன்ன கணக்கையும் தன் மறுப்பையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

வேன் இப்போது மூன்று தாமானுக்குப் போகிறது. ஒத்துக்கொள்ளாதவை தாள் என் வீட்டு அலமாரி மேல் சுருட்டி இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கு இந்த முறை நேரில் போய்ப் பேசினோம், ஓர் ஆளை இரண்டு நாளும் அனுப்புவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள், அடுத்த பள்ளி விடுமுறையில் அந்தத் தாளை விரிக்கப்போகிறோம். பாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன். போன முறை நெடுநேரம் நின்றதில் முழங்கால் வலித்ததாம், இந்த முறை சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொன்னார்.